ஊக்கமுடைமையும் ஊக்கப்படுத்தலும்: மட்டக்களப்பு வாவிக்கரைத் தொழில்களை முன்வைத்து ஒரு விமர்சன நோக்கு

1

முகாமைத்துவக் கல்வி தமிழ்மொழி மூலம் கற்பிக்கப்படத் தொடங்கிய காலந்தொட்டு 'ஊக்கப்படுத்தல்' என்னும் சொல் நம் பாடநூல்களிலே நிலைபெற்றுவிட்டது. மாணவர்கள் மாஸ்லோவின் தேவைப் படிமுறையைக் கூம்பாக வரைந்து ஐந்து படிகளுக்கும் பெயரிடுவர். ஹேர்ஸ்பேர்க்கின் இருவகைக் காரணிகளை அட்டவணைப்படுத்துவர். மக்கிறகரின் எக்ஸ், வை ஆகிய இரு கோட்பாடுகளையும் வேறுபடுத்திக் காட்டுவர். பரீட்சைக்கு இவை போதுமானவை. ஆயின், இக்கோட்பாடுகள் எந்தக் கேள்விக்கு விடையாக எழுந்தன, அக்கேள்வியை எழுப்பியோர் யாவர், அதனையே நமது சூழலில் எழுப்பினால் எத்தகைய விடை கிடைக்கும் என்பன அரிதாகவே வினவப்படுகின்றன. இக்கட்டுரையிலே நாம் அவற்றை வினவ முற்படுகின்றோம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். திருக்குறளிலே 'ஊக்கமுடைமை' என்றோர் அதிகாரம் உண்டு. அங்கே ஊக்கம் ஒருவர் தம் உடைமையாகக் கொண்டிருப்பது. பிற உடைமைகளுக்கெல்லாம் மேலானதாகப் பேசப்படுவது. 'ஊக்கப்படுத்தல்' என்பதோ ஒருவர் செய்ய மற்றொருவர் அதற்கு ஆளாவது. உடைமையாக இருந்தது பிறர் கையிலுள்ள கருவியாயிற்று. இதனை இலக்கண வேறுபாடு என்று மட்டும் கொள்வதற்கில்லை. தொழில் செய்பவரிடத்திலே ஊக்கம் இல்லை, அது வெளியிலிருந்து ஊட்டப்பட வேண்டும் என்ற எடுகோள் அச்சொல்லினுள் உறைந்துள்ளது. இல்லையெனில், அது எப்பொழுது, எவ்வாறு இல்லாமற் போயிற்று? ஊக்கப்படுத்தற் கோட்பாடுகள் கேளாது விட்ட கேள்வி இதுவே என்பது நமது கருத்து.

2

இக்கோட்பாடுகளின் பிறப்பிடம் அமெரிக்கத் தொழிற்சாலை. 1911ஆம் ஆண்டு பிரெடரிக் ரெயிலர் விஞ்ஞான முகாமைத்துவக் கொள்கைகளை நூலாக வெளியிட்டார். இரும்புப் பாளங்களைச் சுமந்து வண்டியிலேற்றும் தொழிலாளி ஒருவரைப் பற்றிய எடுத்துக்காட்டு அந்நூலிலே புகழ்பெற்றது. நாளொன்றுக்கு 12½ தொன் ஏற்றிய அவர், ரெயிலரின் முறையைப் பின்பற்றி 47½ தொன் ஏற்றினார். அவரது நாட்கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலராக உயர்ந்தது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலி இரு மடங்குகூட ஆகவில்லை. ரெயிலர் இதனை ஊக்கத்தின் வெற்றியாகக் கூறினார். பங்கீட்டின் கணக்காகவும் இதனை வாசிக்கலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

ரெயிலருக்குப் பின்னர் எல்ரன் மேயோவும் அவரது சகபாடிகளும் வந்தனர். சிக்காகோவுக்கு அண்மையிலிருந்த ஹோதோர்ன் ஆலையிலே 1924 முதல் 1932 வரை தொடர் ஆய்வுகள் நடைபெற்றன. அவற்றின் இறுதிக் கட்டத்திலே, தொலைபேசி இணைப்புக் கருவிகளைப் பொருத்தும் பதினான்கு ஆண் தொழிலாளர் தனியறையொன்றில் வைத்து அவதானிக்கப்பட்டனர். கூடுதலாகச் செய்தாற் கூடுதலாக உழைக்கலாம் என்ற ஏற்பாடு இருந்தும் அவர்கள் தாமே வகுத்துக்கொண்ட அளவுக்கு மேற் செய்யவில்லை. மீறிச் செய்தவரைத் தம்முள்ளேயே கண்டித்தனர். கூடச் செய்தால் கூலி வீதம் குறைக்கப்படும், சிலர் வேலையிழப்பர் என்பது அவர்களது அச்சம். ஆய்வாளர் அதனைப் பகுத்தறிவு சாராத குழு உணர்ச்சி என விளக்க முற்பட்டனர். ஆனால் 1932ஆம் ஆண்டு பொருளாதார மந்தத்தினால் வேலை அருகி, அந்த அறையின் அவதானிப்பே நிறுத்தப்பட்டது. தொழிலாளரின் அச்சம் உணர்ச்சியா, அன்றி வரவிருந்ததை உணர்ந்த அறிவா என்பதனை வரலாறே தீர்த்துவைத்தது எனலாம்.

ஏப்ரகாம் மாஸ்லோவின் கட்டுரை 1943இல் வெளிவந்தது. உடலியற் தேவை, பாதுகாப்பு, சமூக உறவு, மதிப்பு, தன்னிறைவு காணல் என்ற வரிசை எல்லோரும் அறிந்ததே. ஆயின், பாடநூல்களிலே அவர் பெயராற் காணப்படும் கூம்பு வடிவத்தை அவர் வரையவில்லை; அது 1960ஆம் ஆண்டளவிலே முகாமைத்துவ ஆலோசகர்கள் வழியாகப் பரவியது. அவ்வரிசை இறுக்கமானதன்று என்பதனை மாஸ்லோவே தமது கட்டுரையிற் குறிப்பிட்டிருந்தார். தமது ஆய்வின்மீது முகாமைத்துவக் கோட்பாடுகள் பெரும் பாரத்தை ஏற்றுவது குறித்துப் பிற்காலத்திலே ஐயமும் கொண்டிருந்தார். அவரது ஐயம் கைவிடப்பட்டு, கூம்பு மட்டும் கடல்கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது.

1959இல் ஹேர்ஸ்பேர்க்கும் சகபாடிகளும் வெளியிட்ட ஆய்வு, சம்பளத்தைச் 'சுகாதாரக் காரணி' என வகைப்படுத்தியது. அது குறைந்தால் அதிருப்தி உண்டாகும். கூடினால் ஊக்கம் பிறவாது என்பது அதன் சாரம். இம்முடிவு பிற்ஸ்பேர்க் பகுதியிலே பணியாற்றிய இருநூற்று மூன்று பொறியியலாளரிடமும் கணக்காளரிடமும் பெற்ற நேர்காணல்களிலிருந்து பெறப்பட்டது. அடுத்த மாதச் சம்பளத்தைப் பற்றி அதிகம் கவலைகொள்ளத் தேவையற்றோர் அவர்கள். அவர்களுக்குப் பொருந்துவது நாட்கூலிக்கு நெல் வெட்டுபவருக்கும் பொருந்தும் என்பதற்கு அவ்வாய்விலே சான்றில்லை. மக்கிறகர் 1960இல் எழுதிய நூல், தொழிலாளி இயல்பாகவே சோம்பலுடையவர் என்ற கருத்தை மறுத்தது. இது பாராட்டுக்குரியது. எனினும் தொழிலாளியைப் பற்றி முகாமையாளர் கொண்டுள்ள எண்ணத்தை மாற்றுவதோடு அது நின்றுவிடுகின்றது. இருவருக்கும் இடையிலான உறவை அது தொடவில்லை.

3

இனி நமது பிரதேசத்தை நோக்குவோம். மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடும் பட்டிகளுமாக விரிவது படுவான்கரை. எழுவான்கரையிலே வாழ்ந்த நிலவுடைமையாளர் பலரின் வயல்கள் படுவான்கரையிலே இருந்தன. அவர்கள் போடியார் எனப்பட்டனர். அவ்வயல்களிலே போகம் முழுவதும் வாடியமைத்துத் தங்கி, விதைப்பு முதல் வெட்டு வரை உழைத்தோர் முல்லைக்காரர்.

போடியார் நிலமும் விதைநெல்லும் உழவெருமையும் தந்தார். போகத்தின் இடையிலே முல்லைக்காரரின் குடும்பத்திற்குரிய நெல்லையும் பணத்தையும் முற்பணமாகக் கொடுத்தார். வெள்ளாண்மை வெட்டி, களவெட்டியிற் சூடடித்து, நெல் குவிந்த பின்னர் முல்லைக்காரருக்குரிய பங்கு அளக்கப்பட்டது. முன்னர் வாங்கியவை அதிலிருந்து கழிக்கப்பட்டன. எஞ்சியதே அவரது வருமானம். பல வேளைகளில் எஞ்சியது அடுத்த போகம் வரை போதுமானதாக இருக்கவில்லை. ஆகவே மீண்டும் முற்பணம். மீண்டும் அதே வாடி.

களவெட்டி வேலைக்களம் மட்டுமன்று, சடங்குக்குரிய இடமுமாகும். அங்கே அன்றாடச் சொற்கள் விலக்கப்பட்டுத் தனியான சொற்கள் வழங்கின. நெல் 'பொலி' ஆயிற்று. பொலிப்பாட்டு இரவெல்லாம் ஒலித்தது. விளைச்சல் பெருக வேண்டும் என்று பாடியவர் அவ்விளைச்சலின் பெரும்பகுதிக்கு உரியவரல்லர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. எனினும் குவியல் எல்லோர் கண்முன்னும் கிடந்தது. மரைக்கால் யார் பக்கம் எத்தனை முறை சாய்ந்தது என்பதனை முல்லைக்காரர் எண்ணிக்கொண்டிருந்தார். அநீதி இருந்தது, அது கண்ணுக்குத் தெரியும் அநீதியாக இருந்தது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

இத்தகைய தொழிலாளரைக் குறித்து 'ஊக்கமற்றோர்', 'சோம்பேறிகள்' என்ற பேச்சு நெடுங்காலம் வழங்கிவந்துள்ளது. தென்கிழக்காசியாவிலே இதுபோன்ற பேச்சு குடியேற்றவாதத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்பதனை சையத் ஹுசேன் அலாற்றாஸ் 1977இல் வெளியிட்ட 'சோம்பேறிச் சுதேசி என்னும் கற்பிதம்' பற்றிய நூலிலே விரிவாக நிறுவினார். நமது பிரதேசத்தில் இதனை மறுப்பதற்கு அயல்நாட்டு நூல் தேவையில்லை. கூத்துக் களரியே போதும்.

வடமோடி, தென்மோடிக் கூத்துகள் மட்டக்களப்புக் கிராமங்களிலே பழகப்பட்ட முறையைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதலியோரின் முயற்சியினாற் பல்கலைக்கழக உலகம் நன்கறியும். பகலெல்லாம் வயலிலும் வாவியிலும் உழைத்தவர்கள் இரவிலே அண்ணாவியாரின் மத்தளத்துக்குக் காலெடுத்து ஆடினர். சட்டம் கொடுத்தல் முதல் அரங்கேற்றம் வரை பழக்கம் மாதக்கணக்கில் நீண்டது. கூலி கிடையாது, தம் கைப்பணமும் செலவாகும். ஆட்டம் தவறினால் அண்ணாவியார் கடிந்துகொள்வார். கடிந்தமைக்காக எவரும் களரியை விட்டு நீங்கவில்லை. பாதுகாப்புத் தேவை நிறைவுபெறாத மனிதன் தன்னிறைவை நாடமாட்டான் எனக் கூம்பு கூறுகின்றது. அடுத்த போகத்து நெல்லுக்கு வழியறியாத முல்லைக்காரன் விடியும்வரை கர்ணனாக நின்றாடினான் என்பதற்குக் கூம்பிலே இடமில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். கூத்து பொழுதுபோக்கு, வயல்வேலை தொழில். இரண்டையும் ஒப்பிடலாமா என்பர். ஒப்பிடுவது செயலின் கடினத்தை அன்று, செய்பவரின் நிலையை. களரியிலே ஆடுபவருக்குப் பாத்திரம் தமக்குரியது. ஊர் அதனை அறியும். பயன் என்னவென்பது முன்னமே தெரியும். எவரும் அதனைக் கடனிற் கழித்துக்கொள்ள முடியாது. வயலிலே இவை எவையும் இல்லை. ஒரே மனிதன் ஓரிடத்திலே ஊக்கமுடையவனாகவும் மற்றோரிடத்திலே ஊக்கமற்றவனாகவும் தோன்றுவானாயின், காரணத்தை மனிதனுள் தேடுவதைவிட இடத்திலே தேடுவது பொருத்தமாகும். ஆயினும் களரியையும் நாம் இலட்சியமாக்கிவிடலாகாது. யார் எதனை ஆடலாம், யார் எங்கே நிற்கலாம் என்பவற்றிலே சாதியமைப்பின் கை இருந்தது. பெண்கள் பெரும்பாலும் பார்வையாளராகவே வைக்கப்பட்டனர்.

4

பங்கு கிடைத்தாற் போதும், ஊக்கம் தானே வரும் என்று முடிவுகட்டலாமா? முல்லைக்காரரின் கதை அதனை மறுக்கின்றது. அவருக்கும் பங்கு இருந்தது. கரைவலையிலும் அவ்வாறே. வலையும் தோணியும் உடையவர் தமக்குரிய பங்கையும் செலவையும் எடுத்துக்கொண்ட பின்னரே வலை இழுத்தவர்களிடையே மீதி பகிரப்படுகின்றது. பாடு இல்லாத நாளின் நட்டத்தை வலை இழுப்பவரும் சுமக்கின்றார்; பாடு மிகுந்த நாளின் விலையைத் தீர்மானிக்கும் உரிமை மட்டும் அவருக்கில்லை. ஆக, பங்கு என்பது இருவகைப்படும். ஒன்று, விளைவிலே உரிமை தரும் பங்கு. மற்றது, இடரிலே மட்டும் கூட்டுச்சேர்க்கும் பங்கு. பெயர் ஒன்றாயினும் பொருள் வேறு.

வாவியின் தென்பகுதியிலுள்ள மருதமுனை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்கே தறி பெரும்பாலும் வீட்டிலேயே இருந்தது. ஆண்கள் தறியில் இருக்க, பெண்களும் பிள்ளைகளும் நூல் சுற்றினர். நெசவாளி எவராலும் ஊக்கப்படுத்தப்பட வேண்டியவராக இருக்கவில்லை. விடியுமுன் தறியோசை கேட்டது. ரஷ்யப் பொருளியலாளர் சயனொவ் 1925இல் விவசாயக் குடும்பப் பொருளாதாரத்தை ஆராய்ந்தபோது, இத்தகைய குடும்பம் கூலிக் கணக்குப் பாராது, தன் தேவை நிறைவுறும்வரை உழைப்பை வருத்திக்கொண்டே செல்லும் எனக் காட்டினார். நெசவாளிக் குடும்பத்தின் ஊக்கத்தையும் இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம். கூலி பெறாத பெண்ணினதும் பிள்ளையினதும் உழைப்பும் அதனுள் அடங்கியிருந்தது. 1977இல் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபோது மலிந்த துணி சந்தையை நிறைத்தது, கைத்தறி தளர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோரத் தறிகளையும் வாரிச்சென்றது. இக்காலத்திலே தறிகள் ஓய்ந்தமைக்கு நெசவாளியின் உளத்திலே காரணம் தேடுவார் எவருமுண்டா? தொழிற்சாலைத் தொழிலாளியிடத்திலே மட்டும் நாம் அவ்வாறு தேடுவது ஏன்?

5

பிரதேசத்தின் முதற் பெருந் தொழிற்சாலையாக அமைந்தது வாழைச்சேனைக் காகித ஆலை. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில் அமைந்த இவ்வாலை 1956இல் உற்பத்தியைத் தொடங்கியது. சூடடித்தபின் எஞ்சும் வைக்கோல் அதன் முக்கிய மூலப்பொருள். களவெட்டியிலே முல்லைக்காரரின் கையை விட்டு நீங்கியது, ஆலையிலே கூலித் தொழிலாளரின் கையிற் காகிதமாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே அருகருகே வேலைசெய்தனர். அது அரச கூட்டுத்தாபனம். தனியார் இலாபத்துக்காக இயங்கியதன்று. ஆகவே உடைமைப் பிரச்சினை தீர்ந்தது என்றே முற்போக்காளர் பலரும் எண்ணினர்.

1958ஆம் ஆண்டு இவ்விடத்திலே கவனத்திற்குரியது. அவ்வாண்டின் முதலாம் இலக்கச் சட்டம் நெற்காணிச் சட்டம். பதினைந்தாம் இலக்கச் சட்டம் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம். முன்னையது குத்தகை விவசாயிக்கு நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையையும் வாரத்துக்கு ஒரு வரம்பையும் தர முனைந்தது. பின்னையது சம்பளம் பெறும் தொழிலாளிக்கு முதுமைக்கால உறுதியொன்றைத் தந்தது. ஆலைத் தொழிலாளி பின்னையதன் பயனைப் பெற்றார். முல்லைக்காரர் குத்தகையாளரா, கூலியாளா என்ற கேள்வியோ அவரை இரண்டு சட்டங்களுக்கும் நடுவிலே நிறுத்தியது. போடியார் அவரைக் கூலியாள் என்றால் நிலத்தில் உரிமையில்லை. அவர் போகப் பங்கு பெறுபவர் என்பதாற் சம்பள ஊழியரின் சேமலாபமும் இல்லை. மாஸ்லோ 'பாதுகாப்புத் தேவை' என்று உளவியலிற் கூறியது, இங்கே ஒரு சொல்லின் சட்டப் பொருளிலே தங்கியிருந்தது.

'ஊழியர்' என்ற சொல்லும் ஆராய்தற்குரியது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே 'ஊழியம்' என்றது குறித்த சில சமூகத்தார் அரசுக்குக் கட்டாயமாகச் செய்யவேண்டியிருந்த வேலையைக் குறித்தது. ஆங்கிலேயர் காலத்தில் அது நீங்கியது. நாம் இன்று சம்பளத்துக்குத் தொழில்செய்யும் சுதந்திர மனிதரைக் குறிக்க அதே வேரிலிருந்து பிறந்த சொல்லையே வழங்குகின்றோம். சொல்லின் பழம்பொருள் முற்றாக அழிந்துவிட்டது என்று உறுதியாகக் கூறுவதற்கில்லை.

அரச உடைமை தானாகவே தொழிலாளியின் உடைமையாகிவிடாது என்பதனை 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கமே ஒருவகையில் ஏற்றுக்கொண்டது. கூட்டுத்தாபனங்களில் ஊழியர் சபைகள் அமைக்கப்பட்டன. 1979இல் அடுத்த அரசாங்கம் ஊழியர் சபைகளுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் இச்சபைகளின் சொல் ஆலோசனையளவிலே நின்றது. தீர்மானம் வேறிடத்திலே எடுக்கப்பட்டது. மறு ஆண்டு, 1980 யூலையிலே, சம்பள உயர்வு கோரி நாடளாவிய வேலைநிறுத்தம் நிகழ்ந்தபோது பல்லாயிரம் தொழிலாளர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். ஒரு கையாற் பங்கேற்பை வழங்கிய அரசு மறு கையாற் பங்கேற்றோரை வெளியேற்றியது. இதன் பின்னர் ஊழியரின் 'ஈடுபாடின்மை' குறித்து ஆய்வு செய்வோர் எந்த ஈடுபாட்டை எதிர்பார்க்கின்றனர் என்பதனை முதலில் விளக்கவேண்டும்.

போர்க்காலத்திலே வாழைச்சேனை ஆலை நலிந்தது; போர் முடிந்த பின்னரும் நெடுங்காலம் உற்பத்தியின்றிக் கிடந்தது. அதனை மீள இயக்குதல் குறித்து அரசாங்கங்கள் பலமுறை அறிவித்தன. இயந்திரம் பழுதடைந்தமை, மூலப்பொருள் இன்மை, முதலீடு வராமை ஆகியவற்றை நாம் ஊக்கக் குறைவு என்று அழைப்பதில்லை. ஆனால் இவற்றின் நடுவே வேலைசெய்த மனிதரின் சோர்வை மட்டும் ஊக்கக் குறைவு என்றே அழைத்துவந்துள்ளோம்.

6

போருக்குப் பின்னர் கிழக்கிலே ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் விடியற்காலையிலே நிறுவனப் பேருந்துகளில் ஏறுகின்றனர். இத்தொழிற்சாலைகளிலே ஊக்கப்படுத்தற் கோட்பாடுகள் பாடநூலிலிருந்து இறங்கி நடைமுறைக்கு வருகின்றன. மணித்தியால இலக்கு பலகையில் எழுதப்படுகின்றது. இலக்கை எட்டிய அணிக்குப் பாராட்டு. விடுப்பின்றி வந்தவருக்கு வருகைப் படி. நோயுற்ற பிள்ளைக்காக ஒருநாள் நின்றவர் அப்படியை இழக்கின்றார். ஊக்கத்தொகை என்ற பெயரிலே கொடுக்கப்படுவது, கொடாதபோது தண்டமாகின்றது.

ஸ்ரேசி அடம்ஸ் 1960களில் முன்வைத்த நியாயக் கோட்பாடு இங்கே ஒளிதரக்கூடியது. அதன் எல்லையும் இங்கேயே வெளிப்படுகின்றது. மனிதர் தாம் இடும் உழைப்பையும் பெறும் பயனையும் பிறருடையவற்றோடு ஒப்பிடுவர். ஏற்றத்தாழ்வு கண்டால் உழைப்பைக் குறைப்பர் என்றார் அவர். சரியே. ஆனால் எவரோடு ஒப்பிடுவது? களவெட்டியிலே குவியல் கண்முன் கிடந்தது. முல்லைக்காரர் போடியாரோடு ஒப்பிட்டார். ஆடைத் தொழிலாளிக்குத் தாம் தைத்த சட்டை எந்த நகரிலே, என்ன விலைக்கு விற்கப்படுகின்றது என்பது தெரியாது. அடுத்த இயந்திரத்திலிருக்கும் தோழியின் சம்பளப் பட்டியல் மட்டுமே தெரியும். ஆகவே அவரது ஒப்பீடு பக்கவாட்டிலேயே நிகழ்கின்றது. மேல்நோக்கிச் செல்லும் வழி அடைக்கப்பட்டுள்ளது. அநீதி கண்ணுக்குத் தெரியாததாகும்போது அது உளவியற் பிரச்சினையாக உருமாறுகின்றது. ஊக்கப்படுத்தற் கோட்பாடுகளின் செல்வாக்கு இந்த மறைப்போடு சேர்ந்தே வளர்ந்தது எனல் பொருந்தும்.

நெல்வயலும் இன்று மாறிவிட்டது. அறுவடை இயந்திரம் வயலிலேயே வெட்டிச் சூடடித்துத் தருகின்றது. களவெட்டியும் அதன் மொழியும் முதியோர் நினைவாகின்றன. சொந்தமாக வேளாண்மை செய்பவரும் தம் ஊக்கத்துக்குத் தாமே அதிபதியல்லர் என்பதனை 2021ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. 2021/22 பெரும்போகத்தில் நாடெங்கும் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டியது. சம்பளம் 'சுகாதாரக் காரணி' மட்டுமே என்று அந்த மாதத்திலே எந்தத் தொழிலாளியிடம் சென்று கூறமுடியும்?

7

இவ்வளவும் கூறியமையால் ஊக்கம் பற்றிய உளவியல் ஆய்வுகள் அனைத்தையும் நாம் நிராகரிக்கின்றோம் என்று கொள்ளலாகாது. பாராட்டும் மரியாதையும் தொழிலாளிக்குத் தேவையில்லை என்று வாதிடுவது பொருள்முதல்வாதமாகாது. அது மனிதரை வயிறாக மட்டும் காண்பதாகும். வேலையின் ஒழுங்கமைப்பு மாறினால் வேலைசெய்வோரின் நிலையும் மாறும் என்பதற்கு அண்டை நாட்டிலேயே சான்றுண்டு. 1953இல் அகமதாபாத் கலிக்கோ ஆலையிலே ஏ. கே. றைஸ் மேற்கொண்ட பரிசோதனையில், தானியங்கித் தறிக்கூடத்தின் தொழிலாளர் சிறு குழுக்களாகச் சேர்ந்து ஒரு தொகுதித் தறிகளின் பொறுப்பை முழுமையாக ஏற்றனர். வேலையைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் உரிமை குழுவுக்கிருந்தது. உற்பத்தி உயர்ந்தது, சேதம் குறைந்தது. அவர்களுக்குப் புதிதாக ஊட்டப்பட்டது எதுவும் இல்லை. எடுக்கப்பட்டிருந்த ஒன்றின் சிறு பகுதி திரும்பக் கொடுக்கப்பட்டது. எனினும் குழுவின் உரிமை தறியருகிலேயே முடிவடைந்தது. விலையையும் இலாபத்தையும் அது எட்டவில்லை.

வாவிக்கரை நமக்குக் கற்பிப்பது இதுவே. ஊக்கம் நிலைக்க மூன்று வேண்டும். விளைவிலே பங்கு, வேலையிலே சொல், நாளைக்கு உறுதி. முல்லைக்காரருக்குப் பங்கு இருந்தது. சொல்லும் உறுதியும் இல்லை. நெசவாளிக்குத் தன் தறியிலே சொல் இருந்தது. சந்தையிலே உறுதி இல்லை. காகித ஆலைத் தொழிலாளிக்குச் சில காலம் உறுதி இருந்தது. சொல் ஆலோசனையாக நின்றது. ஆடைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தின் உறுதி ஓரளவு உண்டு. பங்கு எவ்வளவு என்பதனை அறியும் வழியே இல்லை. மூன்றும் ஒருங்கே அமைந்த தொழிலிடம் எதனையும் நாம் இப்பிரதேசத்திலே சுட்டிக்காட்ட இயலவில்லை. இதனை ஒப்புக்கொள்வது முற்போக்காளரின் கடனுமாகும். உடைமை கைமாறினால் மற்றிரண்டும் பின்தொடரும் என்ற நம்பிக்கையை வாழைச்சேனை தளர்த்திவிட்டது.

ஆகவே நமது முகாமைத்துவ வகுப்புகளிலே வினாத்தாள் மாறவேண்டும். 'ஊழியரை ஊக்கப்படுத்தும் வழிகளை விளக்குக' என்பது முகாமையாளரின் கேள்வி, அதுவும் கேட்கப்படலாம். அதனோடு, 'ஊழியரின் ஊக்கம் எவ்வெவ் ஏற்பாடுகளாற் குறைக்கப்படுகின்றது என்பதை உமது ஊரின் தொழிலொன்றைக் கொண்டு ஆராய்க' என்ற கேள்வியும் இடம்பெற வேண்டும். வந்தாறுமூலை வளாகத்திலிருந்து பார்த்தால் வயலும் தொலைவிலில்லை, ஆலையும் தொலைவிலில்லை. மாணவர் பலர் அத்தொழில்களைச் செய்வோரின் பிள்ளைகள். கூம்பை வரையுமுன் தம் தாயிடமும் தந்தையிடமும் இம்மூன்றையும் அவர்கள் கேட்பாராயின், இத்துறையிலே நமக்கு நாமே எழுதிக்கொள்ளும் முதல் ஆய்வு அங்கிருந்தே தொடங்கும்.